மஞ்சள் வானம்

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஓர் அட்டைக் கோப்பு இருக்கிறது. நாடா போட்டுக் கட்டும் பழக்கம் மட்டும் அலுவலகத்திலிருந்து வந்தது. உள்ளே இருப்பவை நான் வரைந்த படங்கள். சிதம்பரம் வடக்குக் கோபுரம் மட்டும் ஏழு தடவை வரைந்திருக்கிறேன். போன வாரம் பேத்தி அந்த ஏழையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, "தாத்தா, இந்த நாலுல மட்டும் வானம் ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள்.

இதே கேள்வியை என் மனைவியும் ஒருநாள் கேட்டாள். அன்று நான் சொன்ன பதில் தப்பு. அதைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

படம் வரைவது புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். 'தெசேன்' என்று வாரம் ஒரு வகுப்பு. முதலில் மையால் கோடு. பிறகு அதே மையைத் தண்ணீரில் கரைத்து நிழல் பூச வேண்டும். இதற்கு 'லவி' என்று பெயர். அந்தக் கறுப்பு மையை ஆங்கிலேயர் இந்திய மை என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் சீன மை என்பார்கள். எங்கள் ஆசிரியர் ரப்பரைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். மைக்கோட்டை அழிக்க முடியாது, அதனால் நன்றாகப் பார்த்துவிட்டுக் கையை வை என்பார்.

பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எழுத்தர் வேலை. பிரெஞ்சில் படித்தவன் தமிழில் குறிப்பு எழுதக் கற்றுக்கொள்ளவே இரண்டு வருஷம் ஆயிற்று. தூரிகை எங்கே போனதோ தெரியாது. ஆனால் பழைய கட்டடங்களின் மேல் இருந்த ஆசை போகவில்லை. வருவாய்ப் பதிவேடுகளில் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர்ப்பெயர் வரும். 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள கிராமங்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். அப்படி வந்தவைதான் 'குண்டு' கிராமங்கள். குண்டு சாலையும் அந்தக் கதைதான்.

2009இல் ஓய்வு பெற்றதும் முதலில் வரையப் போனது அந்தக் கோட்டையைத்தான். புனித டேவிட் கோட்டை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துப் போட்டார். பள்ளியில் லாலியைப் பற்றிப் பெருமையாகப் படித்தவன், அவர் இடித்ததை வரைய உட்கார்ந்தால், வரைய அதிகம் மிச்சமில்லை. அரை மணி நேரத்தில் படம் முடிந்துவிட்டது. அதன் பிறகு சிதம்பரம் பஸ் பிடிக்க ஆரம்பித்தேன்.

அதற்கு ஒரு புத்தகமும் காரணம். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், தென்னிந்தியக் கோயில் கட்டடக் கலையைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதி 1914இல் பாரிசில் வெளியிட்ட நூல். கோயிலின் வயதை அறியத் தூணுக்கு மேலே இருக்கும் பொதிகையைப் பார் என்பது அவர் வழி. பல்லவர் காலத்தில் அது மடிப்பு மடிப்பாக உருண்டிருக்கும். சோழர் காலத்தில் சரிவாக வெட்டி நடுவில் ஒரு நீட்டல் இருக்கும். விஜயநகரக் காலத்தில் கவிழ்ந்த வாழைப்பூவாகத் தொங்கும். இதைப் படித்த பிறகு நான் கோயிலுக்குள் அண்ணாந்தபடியே நடப்பேன். என் மனைவி, "சாமி கீழே இருக்கார்" என்று கையைப் பிடித்து இழுப்பாள்.

நான் உட்காருவது சிவகங்கைக் குளத்தின் தென்கரைப் படியில். எதிரே வடக்குக் கோபுரம், தண்ணீரில் அதன் நிழல். கலிங்க வெற்றிக்குப் பின் கிருஷ்ணதேவராயர் கட்டியது என்று கல்வெட்டு உண்டு. காலை ஏழரை மணிக்கு வலப்பக்கத்திலிருந்து வெயில் விழும், இடப்பக்கம் நிழல் தங்கும். பென்சிலால் நடுவில் ஒரு நேர்கோடு போட்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் அளந்துகொண்டே போவேன். கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். ஏழு நிலை. மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் உயரத்திலும் அகலத்திலும் கொஞ்சம் குறையும். அந்தக் கணக்குத் தப்பினால் கோபுரம் தேர் மாதிரி ஆகிவிடும். உச்சியில் 13 கலசங்கள். எண்ணிவிட்டுத்தான் மை தொடுவேன். மை காய்ந்த பிறகு நீர்வண்ணம். சுதைப் பொம்மைகளின் வண்ணம் அத்தனையையும் போட்டால் படம் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் வெயில் பட்ட பக்கம் லேசான காவி, நிழல் பக்கம் நீலம் கலந்த சாம்பல், மற்றபடி காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுவேன்.

மனைவி உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்து பக்கத்துப் படியில் உட்காருவாள். படத்தில் அளவு தெரிவதற்காக அவளையும் படியில் சின்னதாகப் போட்டுவிடுவேன். 2017 மார்கழியில் ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வானம் எவ்வளவு நீலமா இருக்கு. நீங்க சாம்பார் ஊத்தின மாதிரி பூசியிருக்கீங்களே."

"உனக்கு என்ன தெரியும்? இது காலை வெயில். நான் முறையாப் படிச்சவன்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோது படத்தைப் பார்த்தாள், வேர்க்கடலையை உரித்து என் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். 2019இல் அவள் போய்விட்டாள். பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

2021இல் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது சுவர். இவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே, எப்போது சுண்ணாம்பு அடித்தார்கள் என்று மகனைக் கேட்டேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகப் பழுப்பேறி, நீல ஒளியைத் தடுத்துவிடுமாம். மெதுவாக நடப்பதால் நமக்கே தெரியாதாம். எனக்கு ஓவியர் மொனே நினைவுக்கு வந்தார். அவருக்கும் கண்புரை வந்து ஓவியங்கள் பழுப்பும் சிவப்புமாக மாறின. 1923இல்தான் அறுவை நடந்தது. பள்ளியில் படித்ததுதான். என் கண்ணுக்கு அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை. நீலத்தைத் தொட்டால் அழுக்காகத் தெரிகிறதே என்று, அந்த வருஷங்களில் நீலப் பில்லையையே ஒதுக்கி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கோப்பை அவிழ்த்தேன். 2015 முதல் 2018 வரை போட்ட நாலு படமும் சாம்பார்தான். கோடுகள் மட்டும் சரியாக இருந்தன. ஏழு நிலை, 13 கலசம், எண்ணிப் போட்டதால் தப்பவில்லை. வண்ணத்தை எண்ண முடியாதே. அதற்குக் கண் வேண்டும், கண் கெட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்கும் காது வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. பீரோவில் அவளுடைய பட்டுப்புடவை ஒன்று, 2017 தீபாவளிக்கு எடுத்தது. கரும்பச்சை என்றே நினைத்திருந்தேன். கடைசிப் படத்தில் படியில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தப் பச்சைதான் பூசியிருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் மயில்நீலம்.

நாலு படங்களையும் திருத்தவில்லை. நீர்வண்ணத்தில் திருத்தினால் காகிதம்தான் கெடும். 2022 தை மாதம் மகன் சிதம்பரம் கூட்டிப்போனான். அதே படியில் உட்கார்ந்து ஏழாவது படம் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது, இரண்டு கோடு கோணலாகிவிட்டது. வானத்துக்கு நீலம். பக்கத்துப் படி காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அங்கே ஒரு சின்ன உருவம் போட்டு, புடவைக்கு மயில்நீலம் வைத்தேன்.

பேத்தியிடம், "உன் பாட்டி அப்பவே சொன்னாம்மா, நான்தான் கேட்கல" என்றேன். அவள் ஏழாவது படத்தை எடுத்து, "இது பாட்டியா?" என்றாள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் யாராவது நிறம் தப்பாகச் சொல்கிறீர்கள் என்றால், சண்டைக்குப் போகாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.