நைனா கண்டுபிடிச்ச 'பக்'!

"ஃபேக்டரி கட்டுற கேம்ல புதிரும் இல்ல, ஒரு புண்ணாக்கும் இல்ல மச்சான். நெட்ல டிசைனைப் பார்த்து அப்படியே வெச்சா முடிஞ்சுது!" - கேன்டீனில் நண்பன் விட்ட டயலாக் இது. லேப் ரெக்கார்டைக்கூடத்தான் அப்படியே காப்பியடிக்கலாம். வைவாவில் என்ன ஆகும் பாஸ்?

நான் ஆடுவது 'ஃபேக்டோரியோ'. பிராக் நகரத்து வூபே நிறுவனத்தின் தயாரிப்பு. 2020 ஆகஸ்ட்டில் முழுமையாக வெளியானது. வேற்றுக் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட நாம், தாது வெட்டி, பெல்ட் போட்டு, மெஷின் வைத்து, கடைசியில் ராக்கெட் விடணும். ஒரு சர்க்யூட்டுக்கு 1 இரும்புத் தகடு, 3 காப்பர் வயர். அதனால் 3 வயர் மெஷினுக்கு 2 சர்க்யூட் மெஷின். இதுவரைக்கும் ஸ்கூல் கணக்குதான். நேத்து நாமே ஆசையாப் போட்ட லைன், இன்னிக்கு வழியை மறிச்சுக்கிட்டு நிக்கும் பாருங்க... அங்கேதான் புதிர் ஆரம்பம்!

அப்படித்தான் ஒரு ராத்திரி சர்க்யூட் வரவே இல்லை. காப்பர் பத்தலைனு நினைச்சு, சுரங்க மெஷினா அடுக்கிக்கிட்டே இருந்தேன். ம்ஹூம்!

எங்க நைனா கன்டெய்னர் லாரி டிரைவர். திருவொற்றியூரில்தான் வீடு. ஆனால், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டு லாரி க்யூவில்தான் அவரோட பாதி வாழ்க்கை. சாப்பிட்டுக்கொண்டே ஸ்க்ரீனை எட்டிப் பார்த்தவர், "இன்னாடா, லைன் நிக்குது... நீ பின்னாடியே வண்டியைச் சேர்த்துக்கினு கீறே? க்யூதான் நீளும். முன்னாடி கேட்ல போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். இரும்பு வர்ற பெல்ட்டில் ஒரே ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தது!

"ஒரு பேப்பர் இல்லைன்னா மொத்த லைனும் நிக்கும்டா" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கலை. இந்த கேமில் சவால் நிஜம்தான் என்பதற்கு, கீபோர்டே தொடாத எங்க நைனாதான் சாட்சி.

கை கழுவிட்டு வந்தவர், சும்மா ஒரு கேள்வி கேட்டார்: "லைன் நிக்கசொல்ல, இதுல டிரைவர் எங்கடா சாப்பிடுவான்? எங்க ஒதுங்குவான்?"

கேமில் நின்றுபோன தகட்டுக்குப் பசிக்காது, தூக்கம் வராது. தப்பாப் போனால் இடிச்சிட்டு மறுபடி கட்டிக்கலாம். நம்ம ரோட்டில் அது முடியாதே!

நான் இன்னும் ஆடுகிறேன். ஆனால், பெல்ட் நிக்கும்போதெல்லாம் நைனாவுக்கு ஒரு போன் போட்டுடறேன்... "சாப்டியா நைனா?"