பலகை நிறைந்தால்தான் சாவி

உங்கள் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் இப்போது எங்கே இருக்கிறது? எழுந்து போய்ப் பார்க்காமல் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ் மேலே, டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழே, பழைய பிஸ்கட் டின்னில்... இப்படி மூன்று பதில் வருகிறதா? நீங்களும் நம் கட்சிதான். கடுகுக்கும் சீரகத்துக்கும் அஞ்சறைப் பெட்டியில் நிரந்தர முகவரி கொடுத்த நாம், சுத்தியலை மட்டும் நாடோடியாக விட்டுவிட்டோம்.

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் ராசிங்காபுரம். தலையை நிமிர்த்தினால் மேற்கே மலை. அதற்கு அப்பால் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்கள். விடிவதற்குள் ஜீப் ஜீப்பாகக் கூலி வேலைக்கு ஆட்கள் மலையேறிவிடுவார்கள். அந்த ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்த்தவர் என் சித்தப்பா. ஒர்க் ஷாப் என்று போர்டெல்லாம் கிடையாது. வீட்டுக்குப் பின்னால், மாட்டுத் தொழுவமாக இருந்த தகரக் கொட்டகைதான்.

உள்ளே போனால் எதிரே ஒரு பிளைவுட் பலகை. ஸ்பேனர், குறடு, சுத்தியல் எல்லாம் ஆணியில் தொங்கும். அதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்பு பெயின்ட்டில் வரைந்து வைத்திருப்பார். ஸ்பேனரை எடுத்தால் அதன் நிழல் மட்டும் அங்கேயே நிற்கும்.

"வேலை முடிஞ்சதுல்லண்ணே, சாவியக் குடுங்க" என்று டிரைவர் அவசரப்படுவார். சித்தப்பா பலகையைப் பார்ப்பார். "பதினாலாம் நம்பர் இன்னும் வீடு வந்து சேரல தம்பி. அது வந்தாத்தான் சாவி."

பெரும்பாலும் அது சாக்குக்கு அடியில் கிடைக்கும். ஒருமுறை பானெட்டுக்குள், விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் விடிகாலை, தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டிய வண்டி அது. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்குப் பிறகு எந்த டிரைவரும் சாவிக்கு அவசரப்படவில்லை.

விமானங்களைப் பழுது பார்க்கும் இடங்களிலும் இதே வித்தைதான். கருவியின் உருவத்தில் ஸ்பாஞ்சில் குழி வெட்டியிருப்பார்கள். ஒரு குழி காலியாக இருந்தால், அந்தக் கருவி அகப்படும்வரை தேடல்தான். அமெரிக்காவில் சமையல் கலைஞர் ஜூலியா சைல்டுக்கு அவர் கணவர் பால், சுவர்ப் பலகையில் ஒவ்வொரு வாணலிக்கும் இப்படிக் கோடு போட்டுக் கொடுத்தார். அந்தச் சமையலறை இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. சித்தப்பா அமெரிக்காவையும் பார்த்ததில்லை, விமானத்திலும் ஏறியதில்லை.

நீங்களும் செய்யலாம். 12 மில்லிமீட்டர் பிளைவுட், நாலடிக்கு இரண்டடி போதும். முதலில் அதைத் தரையில் போட்டு, கருவிகளை மேலே பரப்புங்கள். அடிக்கடி எடுப்பது கைக்கு எட்டும் உயரத்தில், கனமானது கீழே. இடம் பிடித்த பிறகு பென்சிலால் சுற்றி வரைந்து பெயின்ட் அடியுங்கள். ஆணி சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், கருவி நழுவாது. சுவருக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் கட்டை கொடுத்தால் சுவரின் ஈரம் பலகையில் ஏறாது.

நட்டு, போல்ட்டு, வாஷருக்குத் திருகுமூடி பாட்டில்கள். ஷெல்ஃபின் அடிப்பக்கத்தில் மூடியை வைத்து இரண்டு ஸ்க்ரூ போடுங்கள். ஒன்று போட்டால் மூடியும் சேர்ந்து சுற்றும். பாட்டிலைக் கீழிருந்து திருகினால் தொங்கும். உள்ளே இருப்பதும் தெரியும். போடியில் ஏலக்காயைச் சலித்து 7 மில்லி, 8 மில்லி என்று பிரித்துத்தான் விலை பேசுவார்கள். சித்தப்பா பாட்டில்களிலும் அதே கணக்கில் சீட்டு ஒட்டியிருப்பார்.

முதல் வாரம் வீட்டில் கிண்டல் செய்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பலகையில் ஒரு நிழல் தனியாக நிற்கும். அப்போதுதான், தீபாவளிக்கு முன்னால் எதிர் ஃப்ளாட்டுக்குப் போன கட்டிங் பிளையர் உங்களுக்கு ஞாபகம் வரும்.