எட்டேகால் ஹெரால்டு

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு போயிற்று. பின்சீட்டில் மூன்று பேர். பாரம் தாங்காமல் பின்சக்கரங்கள் இரண்டும் காலை அகட்டிக்கொண்டு உருண்டன.

"நம்ம ஊர்ல இன்னும் எத்தனை ஹெரால்டு இருக்கும்?" என்றான் நண்பன். ஆடிட்டர் ஆபீஸ்காரன். வானத்தில் காக்கா பறந்தாலும் அவனுக்கு வவுச்சர் வேண்டும்.

"ரெண்டு" என்றேன் நான்.

"இருபது" என்றான் அவன். தோற்றவர் பிரியாணி வாங்கித் தருவதாக ஏற்பாடு.

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்பாசிடரும் ஃபியட்டும் ராஜ்ஜியம் செய்த காலத்தில் மூன்றாவதாக ஒன்று ஓடியதே, அது நம் மெட்ராஸ் சரக்கு. வண்டலூர் பக்கம் 1961 முதல் செய்தார்கள். வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்கிற இத்தாலிக்காரர். முதலில் இரண்டு கதவு. அறுபதுகளின் கடைசியில் நாலு கதவு. நாலு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பெரிய குடும்பம் நம்முடையதுதானே! 1972-ல் பெயரையும் மூஞ்சியையும் மாற்றி கெஸல் என்றார்கள். அதுவும் 1977 வரைதான்.

இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸிஸை வெட்டிச் சுருக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. "நம்மளது ஸ்போர்ட்ஸ் காரோட அண்ணன்டா" என்பார் அப்பா. தம்பி ரேஸுக்குப் போய்விட்டான். அண்ணன் ஸ்ரீரங்கத்தில் காய்கறி வாங்கப் போய்க்கொண்டிருந்தார்.

ஆமாம், எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. 1986-ல் அப்பா மூன்றாம் கையாக வாங்கியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் பி.காம். எண்ணிக்கை என்றால் எனக்கு ரிஜிஸ்தர்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கரைப் பிடித்தேன். சிரித்தார். "ரிஜிஸ்தரை வெச்சுப் பாத்தா எல்லா வண்டியும் உயிரோடதான் சார் இருக்கும். பொறக்கறப்ப எல்லாரும் வந்து எழுதறாங்க. செத்தா எவன் வந்து சொல்றான்?"

சட்டம் சொல்லத்தான் சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம், 55-வது பிரிவு: வண்டி அழிந்துபோனால் சொந்தக்காரர் பதினாலு நாளில் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் 1998 முதல், வண்டியை ஷெட்டில் சும்மா நிறுத்தி வைப்பதற்கே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் அங்கே ஓடுவது எத்தனை, தூங்குவது எத்தனை என்று ஓரளவு சொல்ல முடிகிறது. இங்கே பதினைந்து வருஷம் ஆனபின் ஐந்து வருஷத்துக்கொரு தரம் ஆர்.சி.யைப் புதுப்பிக்கிறோம். புதுப்பிக்காத வண்டி செத்துவிட்டதா, தூங்குகிறதா? காகிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நண்பன் அடுத்த வழி சொன்னான். குளத்து மீனை எண்ணுகிற வழி. ஒரு நாள் வலை போட்டுப் பிடித்த மீன்களுக்கு அடையாளம் வைத்து விட்டுவிட வேண்டும். இன்னொரு நாள் பிடிக்கும்போது அதில் எத்தனை அடையாளம் போட்டது என்று பார்த்தால் மொத்தக் குளமும் தெரிந்துவிடுமாம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் அலைந்தோம். தில்லை நகர், உறையூர், திருவானைக்காவல், காவிரிப் பாலம் தாண்டி உத்திர வீதி, சித்திரை வீதி எல்லாம். முதல் ஞாயிறு ஆறு ஹெரால்டு. அடுத்த ஞாயிறு நாலு. அதில் மூன்று பழைய முகங்கள். ஆறை நாலால் பெருக்கி மூன்றால் வகுத்தால் எட்டு.

"எட்டு!" என்று பாலக்கரை மெக்கானிக் பாயிடம் போய்ப் பெருமையாகச் சொன்னோம். ஊரில் ஹெரால்டு என்றால் அவர்தான் டாக்டர்.

"ரோட்டுக்கு வர்றதைத்தானே தம்பி எண்ணினீங்க? தார்ப்பாய்க்குள்ள கெடக்கறது?" என்றார். குளத்தில் எல்லா மீனும் நீந்தும். சில ஹெரால்டு பத்து வருஷமாக நீந்தவே இல்லை.

அவர் ஷெட்டில் சிவப்பாக ஒன்று நின்றது. பானெட்டைத் திறந்தார். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாயைத் திறக்கிற மாதிரி திறக்கும். மூடும்போது பார்த்தேன். இடது பக்கம் சிவப்புப் பெயின்ட்டுக்கு அடியில் ஒரு பள்ளம்.

எங்கள் வீட்டுத் தென்னை மரத்திலிருந்து தேங்காய் விழுந்த பள்ளம் அது. அப்பா டிங்கர் பார்க்கவே விடவில்லை. "திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கட்டும்" என்றுவிட்டார்.

அப்பா போய் ஆறு மாதத்தில் அந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டவன் நான். பதினெட்டாயிரம் ரூபாய். அந்த இடத்தில் இப்போது என் ஸ்கூட்டர் நிற்கிறது. பதினாலு நாளில் நான் யாருக்கும் எதையும் தெரிவிக்கவில்லை.

"காயலான் கடைலேர்ந்து நான்தான் எடுத்தேன்" என்றார் பாய். "பானெட் மட்டுந்தான் கெடச்சுது. மிச்சத்தை அறுத்துட்டாங்க. போல்ட்டைக் கழட்டினா தனித்தனியா வந்துடும்ல, அதான் இந்தச் செகப்புக்கு மாட்டிவிட்டேன்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லியே பாய்?"

"நீங்கதான் இந்தப் பக்கமே வரலியே தம்பி."

நண்பன் நோட்டில் எட்டை அடித்துவிட்டு எட்டேகால் என்று எழுதினான். தார்ப்பாய்க் கேஸ் தனி. பிரியாணிக்கு ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பீரோவைத் திறக்கச் சொன்னேன். அப்பாவின் வேஷ்டிக்கு அடியில் ஆர்.சி. புக் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டது.

"இதை ஆபீஸ்ல குடுத்து கேன்சல் பண்ணணும்மா."

"எதுக்கு?"

"வண்டி இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். சட்டம் இருக்கு."

பாலக்கரை சமாசாரத்தையும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தேங்கா விழுந்த எடம் அப்படியே இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்புறம் எப்படி இல்லைன்னு எழுதிக் குடுப்பே?" என்று புக்கை வாங்கி உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டாள்.