பிறந்த ஊரைச் சொல்லும் கல்



தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலே சித்தன்னவாசல் என்றொரு குன்று உண்டு. அங்குள்ள குடைவரைக் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைப் பலரும் அறிவர். அவ்வோவியத்தினும் பல நூற்றாண்டுகள் மூத்த செல்வமொன்று அக்குன்றின் கிழக்குப்புறத்தில் உள்ளது. பாறையில் வெட்டிய 7 படிகளால் 'ஏழடிப்பட்டம்' எனப் பெயர்பெற்ற இயற்கைக் குகையே அது. சமணத் துறவியர் உறைந்த அக்குகையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைவைக்கும் இடத்தைச் சற்றே உயர்த்திக் கல்லிலேயே தலையணையும் அமைத்துள்ளனர்.

அவற்றுட் பெரிய படுக்கையின் அருகே, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு வாசகம் உண்டு. எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த காவுடி என்பவருக்கு இளையர் செய்துகொடுத்த இருக்கை இது என்பதே அதன் பொருள். எருமிநாடு மைசூர்ப் பகுதியாகும் என்பர் கல்வெட்டு அறிஞர்.

அத்துறவியின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். வீட்டையும் சுற்றத்தையும் துறந்தார். இரந்து உண்டார், கல்லிலே துயின்றார். தமக்கென ஒரு பொருளும் வைத்திலர். ஆயினும் அவர் பிறந்த ஊரின் பெயர் மட்டும் அவரைவிட்டு நீங்கவில்லை. அதனைக் கல்லிற் பொறித்தவர்கள், அவருக்கு இடமளித்த மக்களே! வந்தவர் எவ்வூரார் என்று கேட்டறிந்து, அவ்வூர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்வைத்து, தம் மொழியாகிய தமிழில் எழுதினர்.

2009இல் ஊரைப் பிரிந்து வந்த எனக்கு அக்கல்வெட்டு வெறும் வரலாற்றுச் செய்தியன்று. எமது வகுப்பில் 'நான் பிறந்த ஊர்' என்னும் தலைப்பில் எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி இந்நகரின் பெயரை எழுதிவிட்டு, "சேர், அம்மா அப்பாவின் ஊரைத்தான் எழுத வேணுமோ?" எனத் தயங்கிக் கேட்டாள். "நீ எழுதியது சரி, பிள்ளை. அதன் கீழே அம்மா பிறந்த ஊரையும் அப்பா பிறந்த ஊரையும் கேட்டு எழுது" என்றேன்.

பெற்றோர்களே, உங்கள் ஊரின் பெயரையும், அங்கிருந்த குளத்தையும் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மாணவர்களே, அவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள். எமக்கு இடமளித்த இந்நாட்டு மக்களையும் அவ்வேட்டிலே நன்றியுடன் குறியுங்கள். காவுடி பிறந்த ஊரும் அவருக்கு இருக்கை செய்தவர் பெயரும் ஒரே வரியில் நிலைத்துள்ளன அல்லவா?