பையும் விளக்கும்

சென்ற மாதம் ஈப்போவில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். பேரன் தன் புதிய மிதிவண்டியின் கைப்பிடியில் பையொன்றைப் பூட்டிவிட்டு, அதன் பின்னால் விளக்கைப் பொருத்த முயன்றுகொண்டிருந்தான். மின்கலத்தால் எரியும் சின்னஞ்சிறு விளக்குத்தான். ஆயினும் அதன் ஒளி முழுவதும் பையின் முதுகில் பட்டுத் திரும்பி, அவன் கண்களையே கூசச் செய்தது. சாலைக்குக் கிடைத்தது வெறும் நிழல்.

"பையைப் பின்னால மாட்டிரவா, தாத்தா?" என்றான்.

அந்த ஒரு கேள்வி என்னை 1966ஆம் ஆண்டிற்கு அழைத்துச் சென்றுவிட்டது.

அப்பொழுது நாங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வாழ்ந்தோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். இடையே 5 மைல் செம்மண் பாதை. இருள் பிரியுமுன் புறப்பட்டால்தான் மணியடிக்குமுன் போய்ச் சேரலாம். அப்பா தம் மிதிவண்டியிலிருந்த டைனமோ விளக்கைக் கழற்றி, எனக்காக வாங்கிய பழைய வண்டியில் பூட்டினார். சக்கரத்தை உரசிச் சுழன்று மின்சாரம் தரும் அந்தக் கருவிக்கு 6 வோல்ட்டு, 3 வாட்டுதான் வலிமை. மேட்டில் நாம் தளர்ந்தால் அதுவும் தளரும். நாம் நின்றால் அதுவும் அணையும்.

விளக்கிற்குரிய இடம் கைப்பிடியின் முன்புறம். புத்தகப்பை தொங்கியதும் அங்கேதான். பையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன் என்றேன். எதற்கும் கடிந்து பேசாத அப்பா அன்று கண்டிப்பாக மறுத்தார்.

"பை எப்பவும் கண்ணுக்கு முன்னால இருக்கணும்யா."

காரணத்தை அம்மாதான் பிறகு சொன்னார். 1948 ஜூன் 16ஆம் நாள் எங்கள் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. 1960வரை அது நீடித்தது. காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத் தொழிலாளரின் பைகள் சோதிக்கப்பட்ட காலம் அது. பையில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் விபரீதந்தான். தமக்குத் தெரியாமல் எவரேனும் எதையேனும் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில், அப்பா தம் பையை முதுகுப்புறம் வைத்ததே இல்லையாம். அவசரகாலம் முடிந்து ஆறாண்டுகள் ஆகியும் அந்த அச்சம் அவரைவிட்டு அகலவில்லை.

பை நகராது எனில் விளக்குத்தான் நகரவேண்டும். அப்பா இரும்புப் பட்டையொன்றை வளைத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் வலக்காலில் விளக்கைத் தாழ்த்திப் பூட்டினார். பை மேலே, ஒளி கீழே. மூன்றாம் நாளே நான் சாலையோரச் சாக்கடையில் விழுந்தேன். வலப்புற விளக்கிற்குச் சக்கரமே தடையாகி, இடப்புறம் முழுவதும் இருண்டிருந்தது. நாம் செல்வதோ சாலையின் இடப்பக்கம். அன்று மாலையே அப்பா விளக்கை இடக்காலுக்கு மாற்றினார். பின்னர் ஒரு நன்மையும் கண்டேன். தாழ்ந்த ஒளியில் தொலைவு குறைவாகவே தெரியும். ஆனால் சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழுவதால் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும்.

என் பாதை ஒளிபெற்ற மகிழ்ச்சியில், அவர் பாதை என்னவாயிற்று என்று நான் எண்ணிப் பார்க்கவேயில்லை. ஆண்டிறுதி விடுமுறையில் மங்கு துடைக்க அவருடன் புறப்பட்ட அன்றுதான் கண்டேன். நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடியே நடந்தார். ஏறி ஓட்டினால் எதிர்க்காற்றில் சுடர் அணைந்துவிடும். குளிர்ந்த வைகறையில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஆகையால் வேலையைத் தாமதமாகத் தொடங்கவும் வழியில்லை. நான் உறங்கிக்கொண்டிருக்கையில், நாள்தோறும் அரைமணி நேரம் முன்னதாக எழுந்து அவர் நடந்திருக்கிறார். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி முன்னே நகர்த்தப்பட்டபோது, தோட்டத்து மக்கள் இருட்டிலேயே எழவேண்டியிருப்பதாகக் குறைபட்டுக்கொண்டனர். என் தந்தை எனக்காகத் தம் கடிகாரத்தை எப்போதோ நகர்த்திவிட்டதை நான் மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இன்று அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்கள் இல்லை, செம்பனை நிற்கிறது. லயன் வீடுகளும் இல்லை, அப்பாவும் இல்லை.

"பை அங்கேயே இருக்கட்டும், விளக்கைக் கீழே இறக்கு, இடப்பக்கமா" என்றேன் பேரனிடம். திருகாணியை முறுக்கிவிட்டு, இருட்டியதும் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"பள்ளமெல்லாம் நல்லாத் தெரியுது தாத்தா! இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

அவனை அருகில் அமர்த்திக்கொண்டு, அவன் பார்த்தறியாத கொள்ளுத் தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.