உம்மும்மாவின் கைபிடித்து ஊர் பார்ப்போம்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் ஒரே கதைதான். உம்மாவும் வாப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரப்பிள்ளை கைத்தொலைபேசியோடு ஒரு மூலையில் இருப்பார். உம்மும்மா தஸ்பீஹ் மணியோடு மறு மூலையில் இருப்பார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, "வெளியே இறங்கினால் காசுதானே கரையும்" என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அன்புச் சகோதரிகளே, பஸ் கட்டணம், ஒரு போத்தல் தண்ணீர், வீட்டில் சுட்ட நாலு ரொட்டி. இவ்வளவு இருந்தால் பிள்ளை வாழ்நாளெல்லாம் மறக்காத பாடம் ஒன்றைப் படித்துக்கொண்டு வரும். பூமியில் சுற்றி வந்து, முன்னிருந்தோரின் நிலையைப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அதற்காகத் தூர தேசம் போக வேண்டியதில்லை. கொழும்பிலேயே மூன்று பயணங்கள் சொல்கிறேன். மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட நினைக்காதீர்கள். வாரம் ஒன்று போதும்.

முதல் பயணம்: நூதனசாலை

கறுவாத்தோட்டத்தில் இருக்கும் கொழும்பு தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதை அமைக்க வேண்டும் என்று முன்னின்றவர் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரி. வரைபடம் போட்டவர் ஸ்மிதர் என்ற கட்டடக் கலைஞர். அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி முடித்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம்மவரான வாப்பிச்சி மரைக்கார்!

உள்ளே போகுமுன் வாசலில் நின்று இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி கேட்க, "ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமையில் இதை மூடிவைக்க வேண்டும்" என்று மட்டும் அவர் கேட்டுக்கொண்டதாக நம் பெரியவர்கள் சொல்லி வருகிறார்கள். நீண்ட காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது. அவருடைய பேரர்தான் சேர் ராசிக் பரீத். பம்பலப்பிட்டியில் 1946இல் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவாகப் பாடுபட்டவர். பாட்டனார் நூதனசாலை கட்டினார், பேரர் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு உழைத்தார் என்று சொன்னால் பேத்திமாருக்குச் சட்டென்று மனதில் பதியும்.

உள்ளே எல்லாவற்றையும் காட்ட முயல வேண்டாம். கண்டி அரசனின் சிம்மாசனத்தையும் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டையும் காட்டினால் போதும். அந்தக் கல்வெட்டைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தார். 1409ஆம் ஆண்டுக்குரியது. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உண்டு. சீன எழுத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. அது பெரிதும் தேய்ந்துவிட்டது. 1911இல் கண்டெடுக்கும்போது இந்தக் கல் காலியில் ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்தது! "எந்த எழுத்தை உன்னால் வாசிக்க முடிகிறது, பார்" என்று கேளுங்கள். பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தேடும்.

உள்நாட்டவருக்குக் கட்டணம் சிறிதுதான். விடுமுறை நாளா என்று முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள். களைப்புத் தீர, பக்கத்திலிருக்கும் விஹாரமஹாதேவிப் பூங்காவின் மரநிழலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரிக்கலாம்.

இரண்டாம் பயணம்: புறக்கோட்டையும் கோட்டையும்

இது கொட்டாஞ்சேனையில் இருப்போருக்கு மிகவும் கிட்ட. ஞாயிறு காலை போனால் புறக்கோட்டையில் நெரிசல் குறைவு. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறதே, சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், அதன் வேலை 1908இல் தொடங்கி 1909இல் முடிந்தது. வரைந்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. பிள்ளையைக் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை தவறிச் சிரிப்பார். உள்ளே போக விரும்பினால் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கோட்டைக்குப் போனால் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும். 1857இல் கட்டி முடிந்த அதை வரைந்தவர் ஒரு பெண்: தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி. 1867 முதல் அது வெளிச்சவீடாகவும் கப்பல்களுக்கு வழி காட்டியது. சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட, 1952இல் விளக்கு நிறுத்தப்பட்டது. "ஏன் நிறுத்தினார்கள்?" என்று முதலில் பிள்ளையிடமே கேட்டுவிட்டு, சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பதிலை அதுவே கண்டுபிடிக்கும்.

இந்தப் பக்கம் போகும்போது கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் பற்றிப் பிள்ளை கேட்கலாம். 2019 ஏப்ரல் 21இல் அங்கே வணக்கத்துக்கு வந்த அயலவர்கள் குண்டுக்குப் பலியானார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். அப்பாவி உயிரைக் கொல்வது மனித குலத்தையே கொல்வதற்குச் சமம் என்று நம் மார்க்கம் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நம்மில் பலர் அபாயாவோடு பஸ் ஏறவே தயங்கி வீட்டோடு இருந்துவிட்டோம். "நீங்களெல்லாம் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று வகுப்பறையில் கேட்கப்பட்டால், நம் பிள்ளைக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டாமா? அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுக்கத்தான் இந்தப் பயணங்கள்.

மூன்றாம் பயணம்: கடலோரம்

வெள்ளவத்தையில் ரயில் ஏறுங்கள். அலுவலக நேரம் வேண்டாம். இருக்க இடம் கிடைக்காது. கோட்டைப் பக்கம் போகும்போது இடப்புற யன்னலோரம் கடல். கொள்ளுப்பிட்டியில் இறங்கி, பஸ்ஸில் காலிமுகத்திடலுக்குப் போகலாம். அசர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயிலும் தணிந்திருக்கும்.

அங்கே கடலோர நடைபாதையை ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்கும் சிறுவர்களுக்குமாக இதைப் பேணி வருமாறு, தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்ளும் கல் ஒன்றையும் அங்கே நிறுத்தினார். ஆகவே சகோதரிகளே, அந்த இடத்தில் உட்கார நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை! பட்டம் விடும் பிள்ளைகளைப் பாருங்கள். இறால் வடைக்கு அடம் பிடித்தால் ஒன்றை வாங்கிப் பங்கு போடுங்கள். அலையில் மட்டும் இறங்க விடாதீர்கள். ரயில் பாதையைக் கடக்கும்போது கையை விடவே கூடாது.

சில குறிப்புகள்: வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை எழுதிப் பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள். உங்கள் மருந்து நேரத்தை மறக்காதீர்கள். முழங்கால் வலியுள்ளவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடக்க வேண்டாம். ஒரு பயிற்சிக் கொப்பி கொண்டுபோய், பார்த்ததில் ஒன்றை வரையச் சொல்லுங்கள்.

மகள்மாரே, மருமகள்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "வயதான காலத்தில் ஏன் அலைச்சல்?" என்று பெரியவர்களைத் தடுக்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்த கொழும்பு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் சொல்லாமல் போய்விட்டால் பிறகு யாரிடம் கேட்பது? வரும் விடுமுறையில் வாப்பும்மாவையும் மூத்தவாப்பாவையும் பிள்ளைகளோடு அனுப்பி வையுங்கள். மஃரிபுக்குள் வீடு திரும்பிவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ். அன்று இரவு சாப்பாட்டு வேளையில் கதை சொல்லப் போவது பிள்ளையாகத்தான் இருக்கும்.