வெடியாத துவக்கு

வெடித்த துவக்கினால் விளையும் தீங்கை யாவரும் அறிவர்; வெடியாத துவக்கினால் விளையும் தீங்கை அறிந்தோர் சிலரே. வெடித்தது தன் வேலையை முடித்துவிட்டது. வெடியாததோ அவ்வேலையை இன்னும் தன் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கின்றது.

வன்னியிற் கமஞ்செய்து வாழ்ந்த எம் பாட்டனாரிடம் அனுமதிப்பத்திரம் பெற்ற பழைய துவக்கு ஒன்று அந்நாளில் இருந்தது. வாய்வழியே மருந்தும் ஈயமும் இட்டுக் கோலால் இடித்துக் கெட்டிக்கும் அவ்வகைத் துவக்கை அப்பகுதி மக்கள் 'இடியன்' என்பர். விளைந்த வயலிற் பன்றி இறங்கும் காலத்தில் அதுவே அவருக்குத் துணை. அதன் அமைப்பு எளியது. குழலின் அடியிற் கருமருந்து, அதன்மேல் ஈயம், புறத்தே துளையுள்ள சிறு குமிழ், அக்குமிழின்மேல் 'கேப்பு' எனப்படும் செப்பு மூடி. விசையை இழுத்தாற் குதிரை பாய்ந்து கேப்பை அடிக்கும். அதன் பொறி துளைவழியே சென்று மருந்திற் பற்றும். துளையில் எண்ணெய் தங்கினாலும், பழைய கரி அடைத்தாலும், மருந்து ஈரித்தாலும் கேப்பு மாத்திரம் ஒலிக்கும்; துவக்கு வாளாவிருக்கும்.

அவ்வேளையிற் குழலின் வாயை எட்டிப் பார்க்கும் ஆவல் எவர்க்கும் எழும். பாட்டனார் செய்ததோ வேறு. குளக்கட்டை நோக்கிப் பிடித்த துவக்கை அசைக்காமல், மடித்து வைத்திருந்த வெற்றிலையை வாயிலிட்டு, அதனை மென்று முடிக்கும் மட்டும் அப்படியே நிற்பாராம். "அது யோசிக்குது மோனை, யோசிக்கேக்க முன்னுக்குப் போகப்படாது" என்பது அவர் எமக்குச் சொன்ன விளக்கம். விளக்கம் நாட்டுப்புறத்தது ஆயினும் விஞ்ஞானம் அதற்கு மாறன்று. குழலினுள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்து, சில விநாடி கழித்தும் மருந்திற் பற்றக்கூடும். ஆதலின், ஆளற்ற திசையிற் குழலை நிலைநிறுத்தி ஒரு நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும் என்று இன்றைய வல்லுநரும் கூறுவர்.

காத்திருந்தபின், குழல் அத்திசையை நோக்கியபடியே இருக்க, துளையை ஊசியாற் குத்தித் துப்புரவாக்கிப் புதுக் கேப்பு இட்டு மீண்டும் சுடலாம். அப்பொழுதும் வெடியாவிடின் மீண்டும் காத்திருத்தல் வேண்டும். அதன்பின் எஞ்சுவது கெட்டித்ததை வெளியே எடுத்தல். அதிலும் முறை உண்டு. முதலிற் கேப்பை அகற்றுவர். குமிழைக் கழற்றி, அத்துளைவழியே நீரூற்றி மருந்தை நன்கு நனைப்பர். அதன் பின்னரே கோலின் முனையில் திருகாணியைப் பொருத்தி, ஈயக்குண்டைத் துளைத்து இழுப்பர். உலர்ந்த மருந்தின்மேல் இருக்கும் குண்டை இழுக்க முனைவது உயிரோடு விளையாடுவதாகும். எக்கட்டத்திலும் முகமோ மார்போ குழலின் வாய்க்கு நேரே வரலாகாது. இது பழகிய கைகள் செய்யும் வேலை. இளைஞர் பார்த்துப் பழகுவதற்கு உரியதன்று.

காத்திருத்தலினும் அரியது, வெடித்ததா இல்லையா என்பதை அறிதல். 1863ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, பென்சில்வேனியாவின் கெற்றிஸ்பேர்க் என்னுமிடத்தில் மூன்று நாட் பெருஞ்சமர் நிகழ்ந்தது. சமரின் பின் களத்திற் பொறுக்கிய துவக்குகள் 27,000க்கு மேற்பட்டன. அவற்றுள் ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றிற் பாதியளவானவற்றில் இரண்டு முறை கெட்டித்த மருந்தும் குண்டும் இருந்தன. ஒன்றில் 23 முறை கெட்டித்திருந்ததாகக் கணக்கெடுத்தோர் எழுதிவைத்தனர். பல்லாயிரம் துவக்குகள் ஒருங்கே முழங்கும் இடத்தில் தன் துவக்கு வெடித்ததா என்பதை ஒருவன் எவ்வாறு அறிவான்? வெடித்தது என்று எண்ணி மேலும் கெட்டிப்பான். பின்னர் மருந்து பற்றுமாயிற் குழலே பிளந்து அவனைக் கொல்லும்.

இவ்வையத்தைத் தீர்க்கும் வழி மிக எளிது. வெறுங் குழலிற் கோலை விட்டு, வாயின் மட்டத்தில் ஒரு கோடு கீறுக. அளவாகக் கெட்டித்தபின் மீண்டும் விட்டு மற்றொரு கோடு கீறுக. பின்னர் எந்நேரமும் கோலே உண்மையைச் சொல்லும். புரி வெட்டிய றைபிளாயினும், வழவழப்பான இடியனாயினும் இம்முறை பொருந்தும். மூலையிற் சாத்திய பழந்துவக்கைக் காட்டி, "அதிலே ஒன்றுமில்லை" என்று வீட்டார் கூறுவது நினைவின் சொல். கோல் கூறுவதோ அளவின் சொல். நினைவை நம்பி விளையாட்டாக விசையை இழுத்தவர் வீட்டிற் பிள்ளைகள் மாண்டதுண்டு.

இடியன் இல்லாத வீட்டுக்கும் இப்பாடம் உரியதே. தைப்பொங்கல் விடியலில் எம் பிள்ளைகள் சீனவெடி கொளுத்துவர். திரி எரிந்தும் வெடியாத ஒன்றை அணுகி, குனிந்து, ஊதிப் பார்க்கும் சிறுவனும், துவக்கின் வாயை எட்டிப் பார்ப்பவனும் ஒருவரே. விடுமுறைக்கு முன் இதனை எம் மாணாக்கருக்குச் சொல்வது எம் வழக்கம். எட்ட நில்லுங்கள்; நெடுநேரம் காத்திருங்கள்; பின்னர் பெரியவர் ஒருவர் நீரூற்றி நனைக்கட்டும்; மறுபடி கொளுத்த எண்ணாதீர்கள். பெற்றோருக்குச் சொல்ல வேண்டுவது இன்னும் சிறிது: இம்முறை பொங்கற் பானையின் அருகே ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.